முத்துக் கடலும் மும்மணிக் குன்றும்



வந்தவாசியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து அம்மையார் ஒருவர், தம் மகளின் திருமணப் பேச்சு முடிந்த மகிழ்ச்சியோடு நம்மிடம் வந்தார். வந்தவர் தயக்கத்தோடு ஒரு வினாவை எழுப்பினார். “மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடியில் பணியிலிருக்கின்றனர். பெண்ணுக்கு ஒரு முத்துச் சரம் வேண்டுமென்று விரும்புகின்றனர். நாமும் வாங்கலாம் என்றுதான் இருக்கின்றோம். ஆனால் என் மாமியார், முத்து ஓர் உயிரின் வயிற்றைக் கிழித்து எடுத்தது, அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பஞ்ச நமஸ்காரம் சொல்லலாமா என்கிறார். பெரியவர்கள் சொல்லுங்கள்.”

வினா சிறிது. ஆயினும் உடனே விடை கூற நமக்கு மனம் வரவில்லை. முத்து விளைந்த அக்கடற்கரையையும், அதே மாவட்டத்தில் நம் முன்னோர் அறம் விளைத்த ஒரு குன்றையும் ஒருசேர நினையாமல் அதற்கு விடை கூறுதல் இயலாது. அவ்வம்மையாருக்குப் பின்னர்க் கூறியவற்றையே இங்கு விரித்துரைக்கின்றோம்.

பாண்டி நாட்டின் முத்தென்றால் பண்டைய உலகம் கொற்கையையே நினைத்தது. தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் இருந்த அத்துறைமுகம், ஆறு கொணர்ந்த மண்ணால் மேடாகி, இன்று கடலிலிருந்து 6, 7 கிலோமீட்டர் உள்வாங்கி வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராய்க் கிடக்கின்றது. 1968-69இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது சிப்பி ஓடுகள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல், கொற்கையின் முத்துக் குளிப்பைக் குறிப்பிடும்போது, அத்தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. இக்குறிப்பை வரலாற்றாசிரியர்கள் வாணிகச் சிறப்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவர். நமக்கோ, அந்நாளிலேயே முத்தின் விலையில் மனித உயிரும் ஒரு பங்காக இருந்தது என்பதே முதலில் தோன்றுகிறது.

முத்துக் குளிப்பு எவ்வாறு நடந்தது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். ஆகவே சிறிது கூறுவோம். கடலடியில் சிப்பிகள் படிந்து வாழும் பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். குளிப்போர் கனத்த கல்லொன்றில் காலூன்றிக் கயிற்றோடு மூச்சடக்கி இறங்குவர். ஒரு நிமிடத்திற்குச் சற்று முன்பின்னாகக் கைக்கெட்டிய சிப்பிகளை வலையுறையில் திரட்டுவர். மேலே தோணியிலுள்ள துணைவர் கயிற்றைப் பற்றி இழுப்பர். சுறாவுக்கு அஞ்சி, மீனின் வாயை மந்திரத்தால் கட்டுவோர் என்று கருதப்பட்டவரைக் கரையில் அமர்த்தினர். 13ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் பத்திலொரு பங்கு அரசனுக்கும், இருபதிலொரு பங்கு இம்மந்திரக்காரர்க்கும் சென்றது என்று எழுதியுள்ளார். பிற்காலத்தில் இவர்களைக் ‘கடல்கட்டி’ என்றனர். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆள்வோர் மாறினும் சலாபத்தின் முறை பெரிதும் மாறவில்லை.

கரைக்கு வந்த சிப்பிகளின் கதைதான் நாம் கருத வேண்டியது. ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்ட அவை குவியல் குவியலாய் வெயிலில் போடப்பட்டன. பல நாள்கள் அழுகின. ஈக்கள் மொய்த்தன. தசை கரைந்த பின் நீரிலிட்டுக் கழுவி, அடியில் தங்கிய முத்தைத் தேடினர். ஒவ்வொரு சிப்பியிலும் முத்து இருப்பதில்லை. முத்தில்லாதவையே மிகப் பல. ஒரு சரத்திற்காக மடிந்த உயிர்களை எண்ணுவார் எவருமில்லை.

‘சிப்பிக்கு என்ன தெரியும்?’ என்று கேட்போர் உளர். இதற்கு விடை வடமொழி ஆகமங்களைத் தேடிச் செல்லாமலே நம் தமிழில் உள்ளது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது, நந்து, முரள் என்னும் உயிர்களை ஈரறிவு உடையனவாக வைக்கின்றது. நம் ஆகமங்களும் சங்கு, சிப்பி, புழு முதலியவற்றைத் தொடுவுணர்வும் சுவையுணர்வும் உடைய ஈரறிவுயிர் என்றே கூறும். தொடுவுணர்வு உண்டெனில் துன்பமும் உண்டு. இல்லறத்தார்க்கு ஓரறிவுயிரின் அளவில் தவிர்க்கவியலாத வினைகள் பல உண்டு. உழவும் அடுப்பும் இன்றி இல்லறம் இல்லை. ஈரறிவு முதலாக இயங்கும் உயிர்களை எண்ணித் துணிந்து கொல்லாதிருத்தலே அணுவிரதத்தின் முதற்படி. சிப்பி அந்த எல்லைக்கு உட்பட்டது என்பதில் ஐயமில்லை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. முத்து எவ்வாறு உண்டாகிறது? சுவாதி நாளில் விழும் மழைத்துளி சிப்பியின் வாயில் புகுந்து முத்தாகிறது என்று கவிகள் பாடினர். அது அழகிய கற்பனை. மெய்யில், சிப்பியின் உடலுக்குள் அயலான ஒன்று, பெரும்பாலும் ஒட்டுண்ணியோ தசையில் ஏற்பட்ட ஊறோ, உறுத்தும்போது, அவ்வுயிர் தன் மெய்யிலிருந்து சுரக்கும் பொருளால் அதனைப் படலம் படலமாய்ப் போர்த்துகின்றது. நாம் ஒளி என்று வியப்பது அதற்கு வேதனையின் வடு. உயிரின்மீது வினைத்துகள் படலம் படலமாகப் படிவதை ஊற்று, கட்டு என்று தத்துவம் கூறக் கேட்டிருக்கின்றோம். வினைக் கட்டுக்கு இதனினும் தெளிவான உவமை கடலில் வேறு இல்லை. ஆனால் வினையை உதிர்க்க விரும்பும் நாம், இன்னோர் உயிரின் வடுவை விலை கொடுத்து வாங்கி மார்பில் அணிகின்றோம்!

இவ்விடத்தில் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் சமயத்தாரே மணி வணிகத்தில் புகழ்பெற்றவர்கள். குசராத்தி ஜைன வணிகர் பலர் பம்பாயில் முத்து வாணிகம் செய்து செழித்தனர். காந்தியடிகள் தம் ‘சத்திய சோதனை’யில் மிகுந்த மதிப்போடு எழுதும் ராய்ச்சந்திரரும் (1867-1901) முத்து, வைர வணிகரே. 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். பெருந்தொகைக்கு வாணிகம் பேசி முடித்தவுடன் அவர் ஆன்ம நூலையோ குறிப்பேட்டையோ கையிலெடுத்துவிடுவார் என்று காந்தியடிகள் வியக்கின்றார். ஆகையால் முத்தைத் தொட்டவரெல்லாம் அறம் கெட்டவர் என்று நாம் கூறவில்லை. முத்தின் நடுவிலிருந்தும் அதில் ஒட்டாது வாழ்ந்தவர் அவர். ஒட்டாது வாழும் வலிமை நமக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளாமல் அவர் பெயரைத் துணைக்கு அழைப்பது முறையன்று.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். அக்காப்பியத்தின் முடிச்சே முத்தில் அன்றோ இருக்கிறது? பாண்டிமாதேவியின் சிலம்பில் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் பரல் மாணிக்கம். அரசவையில் சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, மன்னன் உயிர் பிரிந்தது. கொற்கைக் கடல் தந்த முத்து பாண்டியன் பெருமையாக இருந்தது. அதுவே அவன் பிழையைக் காட்டும் சான்றும் ஆயிற்று. கதை அத்தோடு நிற்கவில்லை. அப்போது கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகின்றது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சத்துக்கு ஆயிரம் பொற்கொல்லர் உயிர்! கொற்கையை அடுத்து அக்கசாலை என்னும் ஊர் இன்றும் உள்ளது. அக்கசாலை என்றால் பொற்கொல்லர் பணிக்கூடம். அவ்வூர் வழியே செல்லும்போதெல்லாம் அந்த ஆயிரவரின் நினைவு நமக்கு எழாமல் இருந்ததில்லை.

அக்காப்பியத்தில் முத்துக்கும் பொன்னுக்கும் புறம்பாய் நிற்பவர் ஒருவரே. அவர் கவுந்தியடிகள். உறி, கடிஞை, மயிற்பீலி இவையே அவர் உடைமை. புகாரிலிருந்து மதுரை வரை கோவலனையும் கண்ணகியையும் அழைத்துச் செல்கையில், வயல்வழி போனால் காலடியில் நசுங்கும் சிற்றுயிர்களை எண்ணி எச்சரிக்கின்றார். நண்டும் நத்தையும் அவர் கண்ணில் படுகின்றன. அரசன் கண்ணில் குடிமகனே படவில்லை. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணா நோன்பிருந்து உடல் துறந்தார். கவுந்தியடிகளைப் புலவர் படைத்த பாத்திரம் என்று சிலர் தள்ளிவிடுவர். அத்தகைய தவப்பெண்டிர் பாண்டி நாட்டில் மெய்யாகவே வாழ்ந்தனர் என்பதற்குக் கல்லில் எழுதிய சான்று அதே தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

அதுதான் கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கரிசல் வெளியின் நடுவே எழும் பெரும்பாறை. முருகன் திருத்தலமாகவும், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தாலும் தமிழ்நாடு அதனை நன்கறியும். குன்றின் மேல்புறம் ஒரே பாறையைக் குடைந்து இறக்கிய வெட்டுவான் கோயிலைக் காணச் சிற்பம் பயில்வோர் வருவர். சிறிது அப்பால், பாறைச் சரிவில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் நம் தீர்த்தங்கரர்களை நாடி வருவோர் குறைவு. நம்மவர் இன்னும் குறைவு.

அன்று அவ்வூர் திருநெச்சுரம். குன்று அரைமலை. அங்கு எழுந்தருளிய அருகப் பெருமானுக்கு அரைமலை ஆழ்வார் என்று பெயர். ‘ஆழ்வார்’ என்னும் சொல்லை நாம் இன்று வைணவத்துக்கே உரியதாக நினைக்கின்றோம். நம் முன்னோர் அருகனை அவ்வாறு அழைத்தனர் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பராந்தக நெடுஞ்சடையனும் அவனுக்குப் பின்வந்த பாண்டியரும் ஆண்ட காலத்தில், இப்பாறையில் ஏறத்தாழ 150 திருமேனிகள் செதுக்கப்பட்டன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் நூற்றுக்கு அணித்தான கல்வெட்டுகள் உள்ளன.

சிற்பங்களுள் மூன்றின் முன்னே நெடுநேரம் நின்றோம். ஐந்தலை நாகம் குடைபிடிக்கப் பார்சுவநாதர் நிற்க, மேலே கமடன் பெரும்பாறையைத் தூக்கி எறிய முனைகின்றான். கீழே அவனே தோற்று வணங்குகின்றான். அடுத்து, கொடி படர்ந்த காலோடு பாகுபலி. இருமருங்கிலும் அவர்தம் தங்கையர் பிராமியும் சுந்தரியும். மூன்றாவது இயக்கி அம்பிகை. சிங்கமும் பிள்ளைகளும் அருகில் நிற்க, ஒரு மரத்தின் நிழலில் எளிய இல்லத்தரசி போல நிற்கின்றாள். துறவிக்கு உணவளித்த குற்றத்துக்காகக் கணவனின் சினத்துக்கு ஆளாகிப் பிள்ளைகளோடு வெளியேறியவள் அவள். சிற்பி அவளுக்குச் செய்த அணிகலன்களைப் பார்த்தோம். கல் என்பதால் அவற்றில் குற்றமில்லை என்று உடன் வந்த முதியவர் ஒருவர் நகைத்தார்.

சிற்பத்தினும் நம் நெஞ்சை ஆட்கொண்டது கல்வெட்டுகளே. ஒவ்வொரு திருமேனியையும் ஒருவர் செய்வித்தார். அவர் யார்? அரசரா? பெரும்பாலோர் அல்லர். வேளாளர், தச்சர், கொல்லர், குயவர். மண்பானை வனைந்து பிழைத்த ஒருவர் தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்து ஒரு தீர்த்தங்கரரைக் கல்லில் எழச் செய்தார் என்று எண்ணிப் பாருங்கள். இதே மாவட்டத்துக் கடற்கரையில் முத்து எடுத்தவர் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை. அரைமலையில் திருமேனி செய்வித்த எளியவர் பெயர்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

குரத்தியர் என்று அழைக்கப்பட்ட தவப்பெண்டிர் பலர் இக்கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர். குரவர் என்பதன் பெண்பாற் சொல் அது. அவர்கள் மாணாக்கர் சூழ அறம் உரைத்த ஆசிரியைகள். மாணாக்கருள் ஆடவரும் இருந்தனர். மிழலூர், திருச்சாரணம் முதலான பல ஊர்களின் பெயரால் அவர்கள் குறிக்கப்படுகின்றனர். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கும் குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் அம்மலைப் பகவதிக்குப் பொன்னணி அளித்த செய்தி கல்வெட்டில் உண்டு. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று நம் சிற்றூர்களில் ஒரு தலைமுறைக்கு முன்வரை கேட்டதை நாம் அறிவோம். 1,100 ஆண்டுகளுக்கு முன் ஆடவர் பெண்ணாசிரியரின் அடியில் அமர்ந்து சித்தாந்தம் கேட்ட மரபு நம்முடையது. இதனை நாம் எப்போது, எவ்வாறு இழந்தோம்?

சித்தாந்தம் உரைக்கும் குணசாகர படாரரை உள்ளிட்ட வைராக்கியர் பதின்மருக்கு உணவளிக்க ஏற்பாடு செய்ததை ஒரு கல்வெட்டு கூறும். நெடுஞ்சடையன், மலைநாட்டுக் கருநந்தனின் அருவியூர்க் கோட்டையைத் தாக்கியபோது மாண்ட வீரர் இருவரை மற்றொன்று நினைவு கூர்கின்றது. கொல்லாமை போற்றும் குன்றில் போர்வீரர் நினைவா என்று முதலில் திகைத்தோம். போரில் மகனையோ ஏவலனையோ இழந்தோர் ஆறுதல் தேடி எங்கே செல்வர்? அறம் உரைப்பாரிடமே செல்வர். அதில் திகைக்க ஒன்றுமில்லை.

இங்கு ஒரு தவறான கருத்தையும் களைய விரும்புகின்றோம். கழுகுமலை என்னும் பெயரில் ‘கழு’வைக் கண்டு, சமணர் கழுவேற்றப்பட்ட இடம் இது என்று கூறுவாரை வழியில் கேட்டோம். கழுவேற்றக் கதை மதுரையைப் பற்றியது. 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியனோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுவது. அதற்கு நூறாண்டும் அதற்கு மேலும் கழிந்தபின், அதே பாண்டியர் ஆட்சியில், அரைமலையில் குயவரும் கொல்லரும் தீர்த்தங்கரரைச் செய்வித்தனர். ஒரே குன்றில் ஒருபுறம் சிவனுக்குக் கோயிலும் ஒருபுறம் அருகனுக்குத் திருமேனிகளும் எழுந்தன. பாண்டி நாட்டில் சமணம் ஒரே நாளில் வாளால் அழிந்தது என்று நாமே மனம் சோர்ந்து சொல்லித் திரிவது, இக்கல்வெட்டுகளைப் பொய்யாக்குவதாகும். அது மெல்ல மெல்லக் குன்றியது. ஆதரிப்பார் அருகினர், கற்பிப்பார் அருகினர், பின் வருவாரும் இல்லை. வாளைக் குறை கூறுவது எளிது, வராமையை ஒப்புக்கொள்வது அரிது.

‘அது எங்கோ தெற்கே, நமக்கென்ன?’ என்று வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனத்து அன்பர் எண்ணலாம். அவர்கட்கு ஒரு பெயரைச் சொல்லுகின்றோம். திருநறுங்கொண்டைப் பலதேவக் குரவடிகளின் மாணாக்கர் கனகவீர அடிகள். இப்பெயர் கழுகுமலைக் கல்வெட்டில் உள்ளது. திருநறுங்கொண்டை எது? நாம் குடும்பத்தோடு சென்று அப்பாண்டைநாதரை வணங்குகின்றோமே, அதே ஊர். அங்கிருந்து அரைமலைக்கு நம் துறவியர் கால்நடையாய்ச் சென்றுள்ளனர். பேருந்தில் ஓரிரவில் செல்லக்கூடிய தொலைவு நமக்கு எட்டாததாகிவிட்டது.

அம்மையாரின் வினாவுக்கு நாம் கூறிய விடை இது. புதிதாக முத்து வாங்குதல் வேண்டா. 1961க்குப் பின் அக்கடலில் பழைய முறையில் சலாபம் நடைபெறவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைவிக்கும் முறையில் வெற்றி கண்டனர். வளர்ப்பு முத்தில் பாவமில்லை என்று சிலர் வாதிடுவர். அம்முறையில் ஒரு சிப்பியைக் கொன்று அதன் தசைத் துண்டை மற்றொன்றின் உடலைக் கீறி உள்ளே வைக்கின்றனர். ஊறு மனிதன் கையால் நேர்கின்றது என்பதே வேறுபாடு. வீட்டில் பாட்டி காலத்து முத்து இருந்தால் அதனை எறிந்துவிடவும் வேண்டா. எறிவதால் இறந்த உயிர் மீளாது. மிகுபொருள் வரைதலில் அதனைக் கணக்கில் வைத்து, மேலும் சேர்க்காதிருந்தால் போதும். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதனைச் சினமின்றி எடுத்துரைக்குமாறும், அவர்கள் மனம் நோகும்படி நம் அறத்தைப் பெருமையாகப் பேசாதிருக்குமாறும் சொன்னோம். சரத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டு, இரு குடும்பத்தாரும் கழுகுமலைக்குச் சென்று வருமாறு வேண்டினோம்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள். வெயில் ஏறுமுன் மலை ஏறுக. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடம் அது. திருமேனிகளுக்கு எண்ணெய், சந்தனம், பால் எதையும் சாத்தற்க. பக்தியால் செய்தாலும் கல்லுக்குக் கேடு. கல்வெட்டின்மேல் சுண்ணம் தேய்த்துப் படிக்க முயலற்க. அருகேயுள்ள ஐயனார் கோயிலுக்கு வருவோர் பலர் நம் தீர்த்தங்கரரையும் கைகூப்பிச் செல்கின்றனர். பன்னூறாண்டுகளாக நாம் வராத குன்றில் அவர்கள்தாம் வந்துகொண்டிருந்தனர். அவர்களிடம் பணிவோடு பேசுக.

திருமணம் இனிதே முடிந்தது. புதுமணத் தம்பதியர் குன்றேறி வந்தபின் அப்பெண் நமக்கு ஓர் அஞ்சலட்டை வரைந்திருந்தாள். முத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குரத்தியார் ஒருவர் பெயர் பொறித்த கல்லின் முன் நின்றதாகவும், எழுத்து வட்டெழுத்தாதலால் ஓரெழுத்தையும் படிக்க இயலவில்லை என்றும், அதனைக் கற்பிப்பார் யாரேனும் உளரா என்றும் கேட்டிருந்தாள். வட்டெழுத்து அட்டவணை ஒன்றைப் படியெடுத்துத் தூத்துக்குடி முகவரிக்கு அனுப்பி வைத்துள்ளோம்.